இயக்கர் மரபும் கண்டி நாட்டு ஆட்டமும்

கண்டி மாநகரின் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு மேலாக ஓங்கி நிற்கும் ஹந்தானை மலைத்தொடரில் ஒரு பன்றி கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றது என்பது மலைநாட்டில் வழங்கும் பழங்கதை. அது காட்டிற் பிறந்த பன்றியன்று. இராகு என்னும் அசுரனே அவ்வுருக் கொண்டான். கடலுக்கு அப்பாலுள்ள மலய தேசத்து அரசனின் பூந்தோட்டத்தை அழித்து, அவனது சினத்தைத் தூண்டி, தன்னைத் துரத்தி வரச் செய்து, அவனை இலங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அப்பன்றி கரையேறிய துறையே யாழ்ப்பாணத்து ஊராத்துறை என்று கதையின் ஒரு வடிவம் கூறும். அம்மலய அரசன் பூவிற் பிறந்தவன். தாய் வயிற்றிற் பிறவாதவன். இலங்கை மன்னனைப் பற்றிய ஒரு நோயை நீக்க அத்தகைய ஒருவனே வேண்டும் என்பதனாலேயே இத்துணைச் சூழ்ச்சியும் நிகழ்ந்தது. அந்நோய் இயக்கி ஒருத்தியின் சாபத்தால் வந்தது.

அசுரன், பூவிற் பிறந்தோன், இயக்கி, சிங்கத்தின் பேரன் ஆகிய இவர்களுள் ஒருவரேனும் இயல்பான மானிடர் அல்லர். ஆயினும் இவர்களைத் தம் முன்னோராகவும் முன்னோரின் பகைவராகவும் கொண்டு, இவர்தம் வேடத்தைப் புனைந்து ஆடி வந்த மக்கள் உண்மையான மக்கள். அமானுட இனங்களை ஒரு நாட்டார் தம் வமிசமாக ஏற்பதும், அவ்வமிசத்தை ஆட்டத்திற் புனைவதும், சிற்சில வேளைகளில் அதே வமிசத்தைப் பிறர் தலையிற் சுமத்துவதும் கண்டி நாட்டு வரலாற்றில் நெடுங்காலம் நிகழ்ந்துவந்தவை.

மகாவம்சத்தின் முதலதிகாரமே இயக்கரோடு தொடங்குகின்றது. கி. பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் எழுந்த அந்நூல், புத்தர் பெருமானின் முதல் வருகையை மகாவலி கங்கைக் கரையிலுள்ள மஹியங்கனையில் வைத்துக் கூறும். அங்கே கூடியிருந்த இயக்கர் இருளாலும் காற்றாலும் அச்சுறுத்தப்பட்டுக் கிரிதீபம் என்னும் வேறொரு தீவுக்கு அகற்றப்பட்டனர். இரண்டாம் வருகை நாகதீபத்துக்கு. அங்கே மணியாசனம் ஒன்றின் பொருட்டுப் போரிட்டு நின்ற நாக மன்னர் இருவர் சமாதானம் செய்யப்பட்டனர். இக்கதையைத் தமிழர் மணிமேகலை வாயிலாக நன்கறிவர். இயக்கர் துரத்தப்பட்டனர், நாகரோ அறம் கேட்டு இருந்துகொண்டனர் என்னும் வேறுபாடு கருதத்தக்கது. நூல் தொடங்கும்போதே எவ்வினம் இந்நாட்டில் இருக்கத்தக்கது, எவ்வினம் அகலத்தக்கது என்பது முடிவாகிவிடுகின்றது.

ஆனால் துரத்தப்பட்டோர் எல்லோரும் போய்விடவில்லை. விசயனும் அவனுடைய 700 தோழரும் கரையேறியபோது அங்கே ஒரு மரத்தடியிலிருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தவள் குவேனி என்னும் இயக்கி. நூல் நூற்கும் பேய் என்பது விந்தையான சித்திரம். பருத்தி விளைவித்து, பஞ்செடுத்து, நூலாக்கும் ஓரினத்தைக் காட்டில் அலையும் பூதமாக எண்ணுதல் எளிதன்று என்பதை ஆராய்ச்சியாளர் பலர் சுட்டியுள்ளனர். அவள் விசயனை மணந்தாள். தன் இனத்தாரைக் காட்டிக் கொடுத்தாள். சிறீசவத்து என்னும் இயக்கர் நகரில் மணவிழா ஆரவாரம் எழுந்த இரவில், அவள் குரல் எழுப்பிய இடத்தில் விசயன் வாளை வீசினான் என்பது மகாவம்சக் கூற்று. இயக்கரை மாந்தர் கண்ணாற் காணவியலாது. காணக்கூடிய ஒருத்தியே வழிகாட்டினாள்.

அதன் பின் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் உயிர்நிலை. அரசனாக முடிசூட வேண்டுமாயின் அரச குலத்துப் பெண் வேண்டும் என்று விசயன் மதுரைக்குத் தூதனுப்பினான். பாண்டியன் மகளும், அவளோடு பதினெண் தொழிற் குழுவினரும் வந்து இறங்கினர். அவள் வருகிறாள் என்றறிந்ததும் விசயன் குவேனியிடம், பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போய்விடு, மானிடர் அமானுடருக்கு அஞ்சுவர் என்னும் கருத்துப்படக் கூறினான். அவளோடு வாழ்ந்து இரு மக்களைப் பெற்றவனுக்கு அவள் இயக்கி என்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது போலும். குவேனி இலங்காபுரம் என்னும் தன் ஊர்க்குத் திரும்பினாள். ஒற்றுப் பார்க்க வந்தவள் என்று அங்கிருந்த ஓர் இயக்கன் அவளை ஒரே அடியில் வீழ்த்தினான். மாமனின் எச்சரிக்கை கேட்ட பிள்ளைகள் இருவரும் ஓடி, சமனொளி மலையை அடுத்த மலைநாட்டிற் புகுந்து, அரசன் ஆணை பெற்று அங்கேயே வாழ்ந்தனர். அவர் வழிவந்தோரே புளிந்தர் என்று மகாவம்சம் முடிக்கின்றது. புளிந்தர் என்பது வேடர், மலைவாணர் என்ற பொருளில் வடமொழியிலும் பாளியிலும் வழங்கும் பெயர். மகாவம்சத்தின்படி மலைநாட்டின் தொல்குடிகள் இயக்கியின் பேரப்பிள்ளைகள்.

விசயனின் சொந்த வமிசமும் மானிட வமிசமாகத் தோன்றவில்லை என்பதை இங்கு மறத்தலாகாது. அவன் பாட்டன் ஒரு சிங்கம். தந்தை சிங்கபாகுவின் கைகாலும் சிங்கத்தின் கைகாலை ஒத்திருந்தன. அவன் தன் தந்தையாகிய சிங்கத்தின்மீது எய்த அம்பு, மகன்பால் அது கொண்ட அன்பினால் மும்முறை தாக்காது திரும்பியது. நான்காம் முறை அதற்குச் சினம் பிறந்த பின்னரே தைத்தது. எனவே, இலங்கையின் முதல் அரச தம்பதியர் சிங்கத்தின் பேரனும் இயக்கர் மகளுமாவர். ஒன்று கொடியில் ஏறியது. மற்றொன்று காட்டுக்குப் போயிற்று. இரண்டும் ஒரே நூலில், ஒரே ஆசிரியரால், அடுத்தடுத்த அதிகாரங்களில் கூறப்பட்டவை.

இன்னும் இரண்டு தலைமுறை கடந்து பண்டுகாபயன் காலத்தில் இயக்கர் மீண்டும் தோன்றுகின்றனர். மகாவலியை அடுத்த தூமரக்க மலையருகே பெண் குதிரை உருவிற் திரிந்த இயக்கி ஒருத்தியைப் பண்டுகாபயன் பொய்கையைச் சுற்றிச் சுற்றித் துரத்திப் பிடித்து, மூக்கிற் கயிறிட்டு, அவள்மேல் ஏறிப் போருக்குப் போனான். அரசனான பின் அவளை அரண்மனைச் சூழலிலேயே குடியிருத்தினான். காளவேளன், சித்தராசன் என்னும் இயக்கருக்கு நகரில் இருப்பிடம் கொடுத்தான்; விழா நாள்களிற் சித்தராசனோடு சம உயரமுள்ள ஆசனத்தில் அமர்ந்தான் என்று மகாவம்சம் வியப்பின்றிக் கூறுகின்றது. அந்தச் சம ஆசனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பேயோடு எவனும் உயரம் அளந்து ஆசனம் இடுவதில்லை, துணையரசனோடு இடுவான். ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட தமது நூலில் இயக்கரை வேடரின் முன்னோராகிய மானிடராகக் கொண்டதற்கு இத்தகைய இடங்களே காரணமாயின.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகர் பாகியான் கூறும் செய்தியும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. இத்தீவில் ஆதியில் மாந்தர் இல்லை. பூதங்களும் நாகருமே இருந்தனர். வணிகர் வந்தபோது அவர்கள் உருவைக் காட்டாது, பொருள்களை விலை குறித்து வைத்துவிட்டு மறைந்துகொள்வர் என்று அவர் கேட்டறிந்து எழுதினார். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த இங்கிலாந்து மாலுமி றொபேட் நொக்ஸ், வேடரைப் பற்றி எழுதியது இது: அம்பு வேண்டிய வேடர் இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் இலையை வெட்டி அதனருகே தொங்கவிட்டுப் போய்விடுவர், கொல்லன் அவ்வாறே செய்துகொடுத்தால் மேலும் இறைச்சி கொண்டுவருவர். இரு செய்திகளுக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி உண்டு. ஆயினும் கண்ணிற்படாத வணிகன் அம்பு கேட்கும் வேடனாகவே இருந்திருக்கலாம். அஞ்சி ஒளிந்து நின்றவனை அஞ்சத்தக்க பூதம் என்று எழுதிவிட்டனர்.

தமிழிலும் இச்சொல் ஒரு நிலையில் நின்றதன்று. இயக்கர் என்போர் குபேரனின் கணத்தார், பொருளையும் நீரையும் காப்போர் என்னும் கருத்துப் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் இயக்கி ஒருத்திக்குப் பால் படைத்து வருபவள் ஆய்ச்சியாகிய மாதரி. அவ்வழியிலேதான் அவள் கண்ணகியைக் காண்கின்றாள். விசயன் இயக்கியைத் துரத்திவிட்டுப் பெண் கேட்டனுப்பிய அதே மதுரையின் வாயிலில் இயக்கி வழிபடப்பட்டாள் என்பதை மகாவம்ச ஆசிரியர் அறிந்திருந்தாரோ இல்லையோ, தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நன்று. மணிமேகலையில் வரும் சாதுவன் கதையும் இவ்வகையினதே. கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனை மாந்தரைத் தின்னும் நாகர் சூழ்கின்றனர். அவன் அவர்தம் மொழியிற் பேசுகின்றான், தப்பிவிடுகின்றான். அந்நாகர் தலைவனோடு அவன் நிகழ்த்தும் உரையாடல் அறத்தைப் பற்றிய உரையாடல். மொழி தெரிந்தவனுக்கு நாகன் மானிடன்.

இனி, கண்டி நாட்டார் இவ்வியக்கரை ஆடிய முறையைக் காண்போம். கொகொம்ப கங்காரிய என்பது கண்டி, மாத்தளை, குருநாகல், கேகாலைப் பகுதிகளுக்குரிய பெருஞ்சடங்கு. கொகொம்ப என்பது சிங்களத்தில் வேம்பு. நோய் நீங்கவும் வளம் பெருகவும் ஊரார் கூடி எடுப்பது இது. முற்காலத்திற் பல நாள் நீண்டது. பிற்காலத்தில் ஓரிரவும் அதன் மறுகாலையுமாகச் சுருங்கிற்று. இதனை நடத்தும் ஆடற் குரவருக்கு யக்தெஸ்ஸா என்று பெயர். இயக்கரை அழைத்து ஏத்துவோர் என்பது அப்பெயரிலேயே விளங்கும். பரம்பரை பரம்பரையாக மத்தளக்காரரும் ஆட்டக்காரருமாகிய குடும்பத்தாரே இவ்வித்தையைக் காத்தனர். அவர்களைச் சமூகம் தாழ்த்தியே வைத்திருந்தது என்பதையும் மறைத்தல் முறையன்று. கோயிற் சுவரிற் பாதி பறவையாகத் தீட்டப்பட்ட தேவ இசைவாணரான கின்னரரின் பெயரும் கண்டி இராச்சியத்திற் பாய் முடையும் எளிய மக்களுக்கே வழங்கிற்று. அமானுடப் பெயர் பெற்றவர் ஊரின் ஓரத்தில் நின்றனர் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

சடங்கின் மூலக்கதை குவேனியின் கதை. கைவிடேன் என்று அவளுக்கு ஆணையிட்டுக் கொடுத்த விசயன் அதனைப் பொய்த்தான். அப்பொய்யின் தோடம் சிறுத்தை உருக்கொண்டு அவனைத் தொடர்ந்தது. அவனை வீழ்த்தாது, அவனுக்குப் பின் அரசாண்ட பண்டுவாசுதேவனைப் பற்றிற்று. அதனைச் சிங்களர் திவிதோஸ் என்பர். சிறுத்தைத் தோடம் என்பது பொருள். அதனைப் போக்கவே இராகு பன்றியானதும், மலய அரசன் கடல் கடந்ததும். சடங்கில் ஆட்டக்காரர் அணியும் வெஸ் என்னும் உடை கொகொம்பத் தெய்வத்துக்குரிய உடை என்பது நம்பிக்கை. அதன் அணிகலன்களை 64 என எண்ணுவது மரபு. பல ஆண்டு பயின்ற மாணவன் நல்வேளை பார்த்து நடத்தும் விழாவிலேதான் அதனை முதன்முறை தலையில் ஏற்பான். அதன் பின்னரே அவன் ஆட்டக்காரன். பன்றி வேட்டையை நடிக்கும் பகுதியில் அவையோர் சிரிப்பர். குவேனியின் வரலாற்றைப் பாடும் பகுதியும் உண்டு.

மகாவம்சத்துக்கும் இச்சடங்குக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மகாவம்சத்திற் குவேனி இறந்ததும் அவள் கதை முடிந்துவிடுகின்றது. விசயன் பாண்டியன் மகளோடு 38 ஆண்டு இனிது ஆண்டான் என்பதே அடுத்த செய்தி. சடங்கிலோ அவள் கதை முடியவில்லை. அரசன் ஆணை பொய்த்தான் என்ற குற்றம் ஒவ்வொரு முறையும் ஊர்ப்பந்தலில், அவ்வரசனைத் தம் முதல்வனாகக் கொள்ளும் மக்கள் முன்னிலையில், உரத்துப் பாடப்படுகின்றது. நோயாளியோ அரசன், தவறிழைக்கப்பட்டவளோ இயக்கி. ஏட்டில் இடம் பெறாத நீதியைப் பறைக்காரர் ஆட்டத்தில் வைத்துப் போற்றினர் என்று கூறுதல் மிகையாகாது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெஸ் ஆட்டம் சடங்குப் பந்தலை விட்டுக் கண்டிப் பெரகராவின் வீதிக்கு வந்தது. பின் உலக அரங்குகளுக்கும் சென்றது. இன்று சுற்றுலாப் பயணிகள் மாலைதோறும் கண்டியிற் காணும் ஆட்டத்தில் வெள்ளித் தலையணி உண்டு, சுழற்சி உண்டு, குவேனி இல்லை.

அவள் வேறு வழியாக மேடையேறினாள். ஹந்தானையின் அடிவாரத்திலேயே 1952 முதல் இயங்கிவந்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில், 1960களிற் சில ஆண்டுகளுக்குள் இவ்வமானுட முன்னோர் பலரும் அடுத்தடுத்துத் தோன்றினர். எதிரிவீர சரத்சந்திர 1961இல் சிங்கபாகு நாடகத்தை அளித்தார். அன்பினால் அம்பு தைக்காத தந்தைச் சிங்கமே அதில் அவையோரின் கண்ணீரைப் பெற்றது. ஹென்றி ஜயசேனாவின் குவேனி நாடகம் 1963இற் கொழும்பு மேடை கண்டது. கைவிடப்பட்டவள் அதில் தன் வழக்கைத் தானே உரைத்தாள். அதே காலத்திற் பேராதனையிற் தமிழ்ப் பேராசான் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை மாணவரைக் கொண்டு புதுக்கி, 1962இற் கர்ணன் போர், அதனையடுத்து நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன் ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. சரத்சந்திரவின் மனமே 1956இற் கையாண்ட நாடகம் என்னும் வடிவமே தமிழ்க் கூத்தின் வழியிற் பிறந்தது என்பதையும் இங்கு நினைத்தல் தகும். ஒரே வளாகத்திற் சிங்கள மாணவன் சிங்கத்தின் மகனாகவும், தமிழ் மாணவன் அரக்கர் கோனாகவும் ஆடினர். இரண்டு ஆட்டத்திலும் உடுப்பைக் கழற்றியபின் இருவரும் ஒரே உணவுச்சாலைக்குச் சென்றனர் என்பதிலேதான் அந்நாள்களின் அருமை இருக்கின்றது.

மேடையிலிருந்து இறங்காத வேடங்களும் உண்டு. தமிழகத்திற் புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் அரசாங்கத்தாற் தடைசெய்யப்பட்டு, 1971இற் தடை நீங்கப்பெற்றது. இராவணனைத் தமிழன் என்று பாடியமையே அத்துணைக் கலக்கத்தை உண்டாக்கிற்று. இலங்கையில் அதே இராவணனை இயக்கர் குலத்துச் சிங்கள மன்னன் என்று உரிமை கோருவோர் அண்மைக் காலத்திற் பெருகினர். 2019இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய செயற்கைக்கோள் இராவணா-1 என்ற பெயருடன் விண்ணேறியது. அரக்கனைப் பேய் என்று இழித்த காலம் போய், யாருடைய பாட்டன் என்று வழக்காடும் காலம் வந்தது. இரு தரப்பாரும் கூறும் ஆதாரங்களில் வரலாற்று முறைக்கு அடங்குவன மிகச் சிலவே.

இவ்வாறு அமானுடரை வமிசமாக ஏற்று ஆடுதல் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974இற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்போர் ஒரு புதுவகை விளையாட்டை வெளியிட்டனர். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்வது அது. ஆட்டக்காரர் முதலிற் தமக்கு ஓர் இனத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: மானிடர், குறளர், வனதேவதைகள் என. ஏனைய அமானுடர் எல்லாம் கொல்லப்படுவதற்கென்றே அமைந்த எதிரிகள். நமது இராட்சதரும் நாகரும் அவ்வெதிரிகளின் பட்டியலிலேயே முதலிற் சேர்ந்தனர். 1977இல் வந்த அதன் பூதப் பட்டியலில் இராட்சதன் புலித்தலையோடு, பட்டாடை அணிந்து, சுங்கான் புகைத்தபடி காட்சியளிக்கின்றான்! பத்துத் தலையைக் கூத்திற் கண்டு பழகிய தமிழர்க்கு அது நகைப்பையே தரும்.

பின்னர் நிலை மாறியது. இனம் என்ற சொல்லே பொருந்தாதென்று, 2019இல் வேறொரு விளையாட்டு நூலார் அதற்குப் பதிலாக வமிசம் என்ற சொல்லை ஆண்டனர். அவர்களே 2024இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரர் தாமே ஏற்று ஆடத்தக்க வமிசங்களாகப் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சாரங்காய் என்னும் காதணி மணியுடைய எருதுருவினரும், இயக்கரும் ஒருங்கே இடம்பெற்றனர். மஹியங்கனையிற் துரத்தப்பட்டோர், கதையை நடத்துவோர் வரிசையில் இருக்கை பெற்றுவிட்டனர். பண்டுகாபயன் இட்ட சம ஆசனத்துக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்த இரண்டாம் ஆசனம் இதுவெனலாம்.

பிலிப்பைன்ஸ் நம் நாட்டுக்கு அந்நியமான கதையுலகமன்று. அங்கே கிடைத்த இலகுனாச் செப்பேடு கி. பி. 900ஆம் ஆண்டினது, பழைய மலாய் மொழியில் வடசொற்கள் விரவி எழுதப்பட்டது. காட்டுத் தெய்வத்தை அந்நாட்டார் திவாத்தா என்பர். தேவதை என்பதன் திரிபே அது. திங்களை விழுங்கும் பாம்பாகிய பாகுனாவா நம் இராகுவை நினைவூட்டும். குதிரைத் தலையுடைய திக்பாலாங் என்னும் வனபூதத்தின் பிடரியிற் பாய்ந்தேறி, அது களைக்குமளவும் இறங்காதிருந்து, பிடரியின் சிறப்பு மயிரைப் பறிப்பவனுக்கு அது அடிமையாகும் என்பது அவர்தம் கதை. பண்டுகாபயன் குதிரை முகத்து இயக்கியைப் பிடித்து அடக்கிய கதையை அறிந்தவர் இதனைக் கேட்டுத் திகைப்பர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சாதிப்பதற்கில்லை. குதிரையை அடக்கிய மக்கள் எங்கும் இவ்வாறு கற்பித்திருத்தல் கூடும். 1971இல் மாக்சிமோ ராமோஸ் அந்நாட்டு வனபூதங்களைத் தொகுத்து ஆராய்ந்து நூலாக்கினார். அந்நாட்டு இளைஞர் இன்று தம் கதைகளிலும் ஆட்டங்களிலும் அப்பூதங்களை அச்சமின்றிப் புனைவதற்கு அத்தகைய தொகுப்புகள் துணைநின்றன. கொகொம்ப கங்காரியவுக்கும், மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்துக்கும் அவ்வகை விரிவான தொகுப்புத் தமிழில் இருத்தல் விரும்பத்தக்கது.

ஆயினும் மேசையில் இயக்கனாக ஆடுபவன் ஆட்டம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கங்காரிய ஆட்டக்காரன் விடிந்ததும் வெஸ்ஸைக் கழற்றலாம். கழற்ற இயலாத ஒரு மக்கட் கூட்டம் கண்டி நாட்டின் கிழக்கு எல்லையில் உண்டு.

வேடர் தம்மை வன்னியலெத்தோ என்பர். காட்டில் வாழ்வோர் என்பது பொருள். குவேனியின் பேரர் என்பது அவர்களைப் பற்றிப் பிறர் எழுதிய வமிசாவளி. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூல் இவ்விடத்திற் பேருதவி புரிகின்றது. வேடர் இறந்துபோன தம் உறவினரின் ஆவிகளை நே யக்கு என்று அழைத்தனர் என்பது அவர்கள் கண்டது. நே என்பது உறவு. யக்கு என்பது யக்க என்பதன் பன்மை. உறவாகிய இயக்கர்! புகழ்பெற்ற வேட்டைத் தலைவனாயிருந்து இறந்தவன் கண்டே யக்கா எனப்பட்டான்; வேட்டைக்கு முன் அவனை அழைத்தனர். கிரிகொரஹ என்னும் சடங்கில், பூசகன் அம்பேந்தி ஆட, ஆவி அவன்மேல் வந்து கூடியிருந்தோரைத் தழுவி வாழ்த்தும். ஏட்டாசிரியன் எந்தச் சொல்லாற் பேயைக் குறித்தானோ அதே சொல்லால் இம்மக்கள் பாட்டனைக் குறித்தனர். விசயனுக்கு அஞ்சத்தக்க அமானுடராகத் தோன்றியவர், காட்டில் இன்னும் பேரப்பிள்ளைகளை அணைத்து வாழ்த்திக்கொண்டிருந்தனர்.

குடிக்கணக்கோ வேறு செய்தி கூறுகின்றது. 1946இல் ஏறத்தாழ 2,400 வேடர் எண்ணப்பட்டனர், 1953இல் ஏறத்தாழ 800, 1963இல் 400. பதினேழு ஆண்டில் ஒரு மக்கட் கூட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு மாண்டுவிடவில்லை. பலர் தம்மைச் சிங்களர் என்றும், கிழக்குக் கரையிற் சிலர் தமிழர் என்றும் எழுதிக்கொண்டனர். இகழ்ச்சியாக ஒலிக்கும் பெயரைக் கைவிடுவதே அவர்களுக்கு இருந்த எளிய வழி. தமிழிலும் சிங்களத்திலும் காட்டாள் என்பதை வசைமொழியாக வழங்கியவருக்கு அக்கணக்கிற் பங்குண்டு. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனமாக்கப்பட்டபோது, வேட்டையும் தேனெடுப்பும் அங்கே விலக்கப்பட்டன. குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. தம்பானைத் தலைவர் திசாஹாமி இடம்பெயர மறுத்து அங்கேயே இருந்தார், 1998இற் காலமானார். அவருக்குப் பின் அவர் மகன் ஊருவரிகே வன்னிலெத்தோ தலைமை ஏற்றார்.

தம்பானையிலிருந்து மலையேறிக் கண்டிக்கு வரும் பாதை பதினெட்டு வளைவு கொண்டது. பெரகராக் காலத்தில் வேடர் அவ்வழியாக வந்து, தலதா மாளிகைக்குக் காட்டுத் தேன் காணிக்கை செலுத்துவது வழக்கம். தோளிற் கோடரி தொங்க, அரைக்குமேல் வெற்றுடம்பாக அவர்கள் வரும்போது கண்டி நகரத்தார் வழிவிட்டு நின்று பார்ப்பர். மஹியங்கனை விகாரையின் ஆண்டு விழாவிலும் வேடர் ஊர்வலம் ஒன்று உண்டு. அம்பும் வில்லும் ஏந்தி அவர்கள் ஆரவாரித்துச் சுற்றிவரும் அத்தூபி, முன்னொரு நாள் இயக்கர் கூடியிருந்த அதே திடலில் எழுந்தது.